கல்யாண கவுன்

அல்போன்சா வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை கவுனைத்தான் கல்லறைக்கும் போட்டுக்கொண்டு போவார்கள். மகள் ஆஞ்சலாவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் போன வாரம் அதில் கத்தரிக்கோல் வைத்தாள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்துவிடுவாள் என்று அத்தனை நம்பிக்கை கழுதைக்கு.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன தொடரால் வந்தது. அதில் பள்ளிக்கூட விருந்துக்கு வரும் கதாநாயகி, தாயின் பழைய கவுனை வெட்டி, புஸ்ஸென்ற கை வைத்த குட்டைச் சட்டையாக ஜீன்ஸுக்கு மேல் போட்டிருப்பாள். எந்த மகராசி அந்த உடையைத் தைத்துக் கொடுத்தாளோ, பெண்ணின் புத்தியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, போனில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள் ஆஞ்சலா. காலேஜ் விழாவுக்காக விவேக் நகர் வீட்டில் கவுனை வெட்டி, தன் ஒல்லி உடம்புக்குப் பிடித்துத் தைத்தும்விட்டாள்.

இன்று விடியற்காலை அல்போன்சா போய்விட்டாள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள்.

"ஆஞ்சி, கவுன் எங்கடி? நாலு மணிக்குப் பூசை, உடுத்த வேணாமா?" என்று டோரீன் பெரியம்மா கதவைத் தட்டினாள்.

உள்ளே ஆஞ்சலா சட்டையையும் மிச்சப் பாவாடையையும் ஊக்குகளால் இணைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டவில்லை. நடுவில் ஒரு முழம் துணியே இல்லையே, எங்கிருந்து ஒட்டும்? மாதாவே, மாதாவே என்று பிதற்றிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

பெரியம்மா பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடியலையாடி உனக்கு?"

அப்படியென்றால் அம்மா பிழைக்கமாட்டாள் என்று மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"இடுப்புக்குக் கீழ வெள்ளைத் துணி போத்திடலாம். மேல? அவ எப்படி இருப்பா, தாட்டியா! இது கையே ஏறாதேடி. முதுகுல கிழிச்சு உள்ள சொருகறதுதான் வழி. எடு கத்தரிக்கோல."

"வேணாம் பெரியம்மா, மறுபடியும் வெட்டாதீங்க. கால்ல விழறேன்."

"அவளுக்குப் போட்டுப் பாரு, உனக்கே தெரியும்."

இருவரும் அல்போன்சாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கைகள் சட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போயின. முதுகில் கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டின. எதுவும் இழுக்கவில்லை. பெரியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

ஆஞ்சலா துணிக்கும் முதுகுக்கும் நடுவில் கையை விட்டாள். முழுக் கையும் உள்ளே போனது.

"எம்மா, எப்பம்மா இப்படி இளைச்சே? பக்கத்துலயே இருந்தேனேம்மா, பார்க்கலையேம்மா!" என்று கத்தினாள்.