அகலமான கதவு

கத்தரிக்கோல் இருந்தால் கொடுங்கள், சட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் சாய்ராம். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நின்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்கிற மனிதர். ஆராயி அவர் கையை விலக்கிவிட்டுக் இறந்து கிடந்த கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சைமுத்துவின் வலது பக்கம் வாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகச் சட்டை போட்டதும் கழற்றியதும் அவள்தான்.

"வெட்டாதீங்க. மொதல்ல நல்ல கைய உருவணும். அந்தக் கை தானா வந்துரும்."

உருவினாள். வந்துவிட்டது.

மகள் மாதுரி வெந்நீர் வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். சட்டை அம்மாவின் முகத்துக்கு நேரே வந்தபோது அம்மா சட்டென்று அசையாமல் போனதைக் கவனித்தாள். அந்தச் சட்டையில் ரம் கொட்டியிருந்தது.

ஆராயியின் அப்பன் குடித்தே வீட்டை விற்றவர். பெண் பார்க்க வந்த பச்சைமுத்துவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொட மாட்டேன் என்றார், தொடவில்லை. பெரிய பெரிய அதிகாரிகளுக்குக் கார் ஓட்டி, விருந்து முடிந்து தள்ளாடி வருகிறவர்களைக் கைத்தாங்கலாக வீடு சேர்த்த காலத்திலும் தொடவில்லை. ஜனவரிக் குளிரில் மற்ற டிரைவர்கள் ஒரு மடக்கு குடி என்று நீட்டினால், இவர் டீக்கடையைத் தேடிப் போய்விடுவார்.

வாதம் வந்தபின் அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. காரில் போக ஆசைதான், ஆனால் போகிற இடத்தில் பாத்ரூமுக்கு என்ன செய்வது? வீட்டில் ஆராயி பிடித்துக்கொள்வாள். அவளுக்கோ முழங்கால் தேய்ந்து, காரில் கால் மடக்கி உட்கார முடியாது. மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதைவிட வீட்டிலேயே கிடந்து சாகலாம் என்பார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிற மலை மந்திர் முருகன் கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டார்.

வழி சொன்னவன் மாதுரியின் ஆபீசில் வேலை பார்க்கும் இஸ்மாயில். அவனும் சக்கர நாற்காலிக்காரன். டெல்லியைச் சுற்றி எந்த வாசலில் நாற்காலி நுழையும், எதில் நுழையாது என்பது அவனுக்கு அத்துப்படி. ஹரியானாப் பக்கம் ஒரு பண்ணை இருக்கிறது, கரும்புச் சாற்றிலிருந்து ரம் வடிக்கிற டிஸ்டிலரி, சுற்றிப் பார்க்க விடுவார்கள் என்றான். எங்கும் சரிவுப் பாதை, பாத்ரூமுக்கு அகலமான கதவு, உள்ளே இரண்டு பக்கமும் கைப்பிடி. இஸ்மாயில் ஒரு சொட்டு குடிக்காதவன். அந்தப் பாத்ரூமுக்காகவும் அங்கே கிடைக்கிற பக்கோடாவுக்காகவும் இரண்டு தடவை போய் வந்திருந்தான்.

நேற்றுக் காலை, அம்மாவிடம் ஏதோ பண்ணை என்று மட்டும் சொல்லிவிட்டு, மாதுரி அப்பாவைக் கூட்டிப்போனாள். பெரிய செம்புப் பாத்திரங்களையும் குழாய்களையும் அவர் எஞ்சினைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் ருசி பார்க்கச் சின்னக் குவளையில் கொடுத்தார்கள். மாதுரி தடுப்பதற்குள் இடக்கையால் எடுத்துவிட்டார். பாதி வாய்க்குப் போனது, பாதி சட்டைக்கு.

"இதுக்கா உங்க தாத்தன் வீட்ட வித்தாரு?" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, "அம்மாகிட்ட நீ சொல்லாத கண்ணு. காலைல நானே சொல்லிக்கறேன்."

வீடு வந்ததும் களைப்பாக இருக்கிறது என்று படுத்து, ஆராயி கிட்டே வருமுன் ரஜாய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். காலையில் எழுந்திருக்கவில்லை. அவர் சொல்லவேண்டியது இப்போது மாதுரியின் பொறுப்பாகிவிட்டது.

ஆராயி மாதுரியைத் தவிர எல்லோரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். நேரமாகிறது என்று சாய்ராம் முனகினார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவரும் போய்விட்டார்.

"அது என்ன பண்ணை கண்ணு?"

மாதுரி வாளியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்துச் சத்தியத்தைத் தானே கூட்டிப்போய்க் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தாங்கவில்லை.

"ரம் காய்ச்சுற இடம்மா. அப்பா வாயில வச்சுப் பாத்தாரு. கொஞ்சம்தான். உன்கிட்ட அவரே சொல்றேன்னாரு."

ஆராயி சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது கெடக்குது. அத்தன நேரம் இருந்தீங்களே, அவர பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போனது? நீயா? பொட்டப்புள்ள முன்னால…" சட்டையின் மடிப்பை நீவினாள். "ரொம்பக் கூசிப்போயிட்டாரா?"

மாதுரிக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்றுப் பகல் முழுக்க அம்மா இதை நினைத்துத்தான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருக்கிறாள்.

"நான் போகலம்மா. யாருமே போகல. அவரே போனாரு."

"எனக்காகச் சொல்லாத."

"சச் மே, அம்மா. நெசமாத்தான்." மாதுரி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடக்கையாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனதை, தான் பயந்துபோய்க் கதவைத் தட்டியதை, உள்ளேயிருந்து என்ன ஜல்தி உனக்கு என்று அவர் அதட்டியதை, முகம் கழுவித் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வெளியே வந்ததை.

"கிளம்புறப்ப இன்னொரு தடவ போனாரும்மா. ஒண்ணுக்கு வரவே இல்லயாம். சும்மா போயிட்டு வந்தாரு."

"கதவு?"

"அவரேதான் சாத்துனாரு. உள்ளார தாழ்ப்பாளும் போட்டாரு."

ஆராயி கணவனின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "கெட்டிக்காரரு" என்றாள், நெற்றியைத் தடவிக்கொடுத்தபடி. மாதுரிக்கு அம்மாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். எதிர்வீட்டுச் சோப்ரா அம்மாள் வந்து ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சாப்பிட்டார், ஏதாவது சொன்னாரா என்று இந்தியில் விசாரித்தாள். இத்தனை வருடத்தில் காய்கறிக்காரனோடு பேசிப் பழகிய இந்திதான் ஆராயிக்குத் தெரியும்.

"கல் பாத்ரூம் கயா," என்றாள். "அகேலா. தர்வாஜா பந்த் கர்கே."

நேற்றுப் பாத்ரூமுக்குத் தனியாகப் போனார், கதவைச் சாத்திக்கொண்டு. சோப்ரா அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் தலையாட்டி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வாசலில் இன்னொரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளிடமும் சொல்வதற்காகப் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.