காடு செத்துவிட்டதாம்

எண்ணெய்க் குழாய் உடைந்து ஆற்றுமுகம் கறுத்து இரண்டு வருடம். இப்போது ஒரு காகிதம் வந்திருந்தது. அலையாத்திக் காடு செத்துவிட்டது, எங்களுக்கு இதில் உரிமை வேண்டாம் என்று மட்டி பொறுக்கும் பெண்கள் முப்பது பேரும் எழுதித் தர வேண்டும். தந்தால் காட்டை வெட்டி இறால் பண்ணை போடுவார்கள். ஒருத்தி மறுத்தாலும் செல்லாது. தொமித்திலா மட்டும் பாக்கி.

பண்ணைக்காரர்களின் ஆள் ஒபாந்தோ வாசற்படியில் நின்றான். கூடவே, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட அவளுடைய நாத்தனார் நியேவெஸ்.

"இன்னும் என்ன யோசனை அண்ணி? ஒரு மட்டியும் இல்லாத சேத்தைக் கட்டிக்கிட்டு அழப்போறியா?"

"குழாயை உடைச்சவன் எங்க? வந்து ஒரு வார்த்தை கேட்டானா?"

"அது வேற கம்பெனிம்மா," என்றான் ஒபாந்தோ. "எல்லாம் கடவுள் சித்தம்."

"அவர் பேரை எங்கிட்ட எடுக்காதய்யா. அவரோட பேசி ரெண்டு வருசம் ஆச்சு."

உண்மைதான். தேவாலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள். மாதா திருநாளுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியே, உள்ள போய்ப் பாத்தியா?"

"படகுல இருந்து பாத்தேம்மா."

"நாடி பிடிக்காமலே சாவுச் சீட்டு குடுக்கிற டாக்டரு! இரு, நான் பாத்துட்டு வரேன்."

நியேவெஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

காட்டுக்குள் நீர் வற்றிக்கொண்டிருந்தது. வேர்களில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கறை. தொமித்திலா ஒரு வேரில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். "இதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

கிளையிலிருந்து முழ நீளக் காய் ஒன்று விழுந்தது. நீரில் செங்குத்தாக மிதந்து போனது. நுனி சேற்றைத் தொட்டது. நீர் இறங்கியது. காய் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் பல நின்றிருந்தன. சிலவற்றில் இரண்டு இலை. சிலவற்றில் நான்கு. நகத்தளவு நண்டு ஒன்று வளையிலிருந்து கறுப்புச் சேற்றை உருட்டி வந்து வாசலில் போட்டுவிட்டு, அடுத்ததற்கு உள்ளே போனது. யாரும் அதை ஏவவில்லை.

அவள் வேருக்கடியில் முழங்கை வரை கையை விட்டாள். வெகுநேரம் துழாவினாள். விரல்நுனியில் ஏதோ சட்டென்று மூடிக்கொண்டது.

மட்டி. ஆள்காட்டி விரலில் ஒரு கணு அளவு. இரண்டு கணு வளராததை எந்தப் பெண்ணும் எடுக்கமாட்டாள். அதைத் திரும்பப் புதைத்துச் சேற்றால் மூடினாள். தொண்டையில் பாட்டு வந்தது. கோபம் போகவில்லை. கடவுளைத் திட்டுவதுபோலவே பாடினாள். கடைசி அடி வரை பாடினாள்.

திரும்பியபோது ஒபாந்தோ பேனாவை நீட்டினான்.

"போடமாட்டேன். உள்ள மட்டி இருக்கு."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா!" அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நியேவெஸ் சிரிக்கவில்லை. "எவ்ளோ பெருசு அண்ணி?"

தொமித்திலா விரலை நீட்டி ஒரு கணுவைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்போ எண்ணெய்க்கு அப்புறம் பொறந்தது," என்றாள் நியேவெஸ். ஒபாந்தோவின் பக்கம் திரும்பினாள். "பேனாவைக் குடுய்யா. என் பேரை அடிக்கணும்."