தெசாங்கா அக்கா எப்போது சாப்பிடுகிறாள்?

உடம்பைக் குறைப்பது எப்படி என்று எங்கள் ஊர் வால்யெவோவில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எலுமிச்சைத் தண்ணீர் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று ரொட்டிக் கடைக்காரி சொல்வாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்ஸிக்காரர் சொல்வார், கறி அடைத்துச் சுட்ட, எண்ணெய் வடியும் பூரெக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. இதற்கென்றே படித்து, இதையே தொழிலாக வைத்து, நாள் முழுக்க ஜிம்மில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜன்னலைத் திறந்தால்கூட, "காத்து அடிக்குது, கழுத்து பிடிச்சுக்கும்" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

தெசாங்கா அக்கா அழகுக்காக என்னிடம் வரவில்லை. அவள் தங்கை மீர்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுடையது தங்கைக்குப் பொருந்துகிறது, எடுத்து வைக்கலாம், ஆனால் இந்த எடையோடு கத்தி வைக்க மாட்டோம், இளைத்துவிட்டு வாருங்கள் என்று பெல்கிரேடில் டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சீக்கிரம் இளைக்கணும் போயானா. அவ ரொம்ப நாள் தாங்க மாட்டா," என்று முதல் நாளே சொன்னாள், குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாமல் மூச்சு வாங்கியபடி.

உழைப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது. இருபது வயசுப் பையன்கள் பாதியில் நழுவுகிற பயிற்சியை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பாள். ஆனால் கோடை போய் இலை உதிர ஆரம்பித்த பிறகும் எடை குறையவில்லை. ஒரு கிலோ இறங்கும், அடுத்த வாரம் ஏறிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. என்னதான் சாப்பிடுறீங்க?"

"காலையில காபி. மத்தியானம் ஒரு ஆப்பிள், கொஞ்சம் தயிர். ராத்திரி ஒண்ணுமில்ல."

"அப்ப இந்த உடம்பு காத்தைக் குடிச்சா வளருது?"

"சத்தியமா சொல்றேன். நான் சாப்பிட உட்கார்றதே இல்ல."

நான் நம்பவில்லை. எடை குறைக்க வருகிறவர்கள் சொல்கிற பொய்களை எல்லாம் கேட்டுப் புளித்துப்போன காது என்னுடையது. ஊருக்கோ வேறு கதை கிடைத்துவிட்டது. தெசாங்காவுக்கு ஆபரேஷன் என்றால் பயம், வெளியே சொல்ல முடியாமல் வேண்டுமென்றே தின்று எடையை ஏற்றிக்கொள்கிறாள் என்று பேசினார்கள். இதை யார் கிளப்பிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

புனித திமித்ரி நாளில் அவர்கள் வீட்டு ஸ்லாவா, அதாவது குடும்பத்துக் காவல் புனிதரின் திருநாள், வந்தது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமாகவே போவார்கள். நானும் போனேன். அன்று அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று வீம்பு.

மேஜை நிறையக் கோஸ் இலையில் கறி சுற்றிய சர்மா, பன்றி வறுவல், மயோனைஸ் சாலட், கேக். நடுநாயகமாக அவள் புருஷன் ராதோமிர் உட்கார்ந்திருந்தான். அவனை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் பக்கத்தில் கூம் ஸ்வெதோசார், அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற பெரியவர், அதனால்தான் கூம். எதிரே மீர்கா. தக்காளி ஆகாது, பாலாடைக்கட்டி ஆகாது, உப்பு ஆகாது, தண்ணீரே அளந்துதான். சின்ன டம்ளரில் இருந்த தண்ணீரை நாக்கை நனைக்கிற அளவுக்கு உறிஞ்சி உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கோச்சம்மா!" என்றான் ராதோமிர். "என் பொண்டாட்டியை எப்ப மான் மாதிரி ஆக்கித் தரப் போறீங்க? மாடு மாதிரி மேய்ஞ்சுட்டே இருக்கா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாதென்று அவன் மீர்கா பக்கம் திரும்பினான்.

"உன் கிட்னியைத்தான் உங்கக்கா கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு இருக்கா, மீர்கா. குடுக்க மனசில்ல. நான்தான் எல்லார்கிட்டயும் சொல்றேனே."

மீர்கா தலையை நிமிர்த்தவே இல்லை. கதையைக் கிளப்பியவன் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வெட்கக்கேடு, அந்த நேரத்தில் என் கோபம் அவன் மேல் பாதி, அவள் மேல் பாதி. இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.

தெசாங்கா அக்கா தொட்டிக்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். விருந்தாளிகளின் தட்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு தட்டை எடுத்தாள். அதில் பாதி சர்மா. வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவினாள். அடுத்த தட்டில் கடித்து வைத்த ரொட்டி, கொழுப்பு ஒட்டிய கறித்துண்டு. அதையும் வாயில் போட்டாள். மென்றுகொண்டே சூப்பைக் கிளறினாள், மென்றுகொண்டே ஓவனைத் திறந்தாள். ஏதோ ஒரு குழந்தை கிரீமை மட்டும் நக்கிவிட்டு வைத்த கேக், அதுவும் உள்ளே போயிற்று. அவள் எதையும் ருசிக்கவில்லை. துடைத்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "பாத்திரம் கழுவுறேன்."

"வாயில என்ன?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போல வாயில் கை வைத்தாள். "ரொட்டியைக் குப்பையில போட்டா பாவம் போயானா. இது சாப்பாடா? மிச்சம்."

"தினமுமா?"

"அவரு, பசங்க, மாமியார்... ஆளுக்கு ஒரு நேரம் வர்றாங்க. ஆளுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறாங்க."

"கடைசியா எப்ப ஒரு தட்டை வச்சு, உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மீர்கா கல்யாணத்துலயா?" என்று என்னையே கேட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்கத் தின்கிறாள், ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. நாலு பேர் வைத்த மிச்சத்தைச் சுமக்கிற அந்த உடம்பைப் பார்த்து, மிச்சம் வைத்தவனே மாடு என்கிறான்! இதற்கு எந்தக் குந்து பயிற்சி மருந்து? கையைப் பிடித்து அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

"எழுந்திருங்க ராதோமிர்."

"என்னது?"

"ஸ்லாவா யாரோடது? உங்க அப்பா வழியில வந்ததுதானே? ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் உட்காரலாமா? நின்னு பரிமாறணும். இங்க காலையிலேர்ந்து நிக்கிறது யாரு?"

ராதோமிர் சிரிக்கப் பார்த்தான். "ஜிம்முல கத்துற மாதிரி இங்க கத்தாதீங்க கோச்சம்மா. இது என் வீடு."

"உன் வீடுதான்டா, அதைத்தான் அந்தப் பொண்ணும் சொல்லுது," என்றார் கூம் ஸ்வெதோசார். ரக்கியா சாராயக் கோப்பையை மேஜையில் வைத்தார். "உங்கப்பன் எண்பது வயசுல, தடியை ஊணிக்கிட்டு நின்னு எனக்கு ஊத்துனாரு. எனக்கும் இவ்வளவு நாள் உறைக்கல பாரு. எந்திரி."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் அசைந்திருக்க மாட்டான். கூம் சொல்லைத் தட்ட எங்கள் ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. காதெல்லாம் சிவக்க எழுந்தான். காலியான நாற்காலியில் தெசாங்கா அக்கா நுனியில் ஒட்டி உட்கார்ந்தாள், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி. மீர்கா எழுந்து வந்து ஒரு சுத்தமான தட்டை எடுத்து, இரண்டு சர்மா, கொஞ்சம் கறி, கொஞ்சம் கோஸ் ஊறுகாய் வைத்தாள். தன்னால் தொட முடியாத எல்லாவற்றையும் அக்காவுக்குப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"மெதுவா சாப்பிடுக்கா," என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளுக்குப் பெரிய வித்தை எதுவும் சொல்லித் தரவில்லை. தட்டு வை, உட்கார், சாப்பிடு, வயிறு நிறைந்ததும் எழுந்திரு. மிச்சத்தை நாய்க்கோ கோழிக்கோ போடு, பாவம் வந்தால் என் கணக்கில் எழுதிக்கொள். ஈஸ்டருக்குள் டாக்டர்கள் கேட்ட எடைக்கு இறங்கிவிட்டாள். "நான்தான் அவ வாயைக் கட்டினேன்" என்று ராதோமிர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். கேட்டவர்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோடையில் ஆபரேஷன் நடந்தது. பெல்கிரேடுக்குப் பார்க்கப் போனேன். மீர்காவின் முகத்தில் ரத்தக்களை வந்திருந்தது. வாய் கொள்ளத் தண்ணீர் குடிக்கிறாளாம். அக்கா பக்கத்து வார்டில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீராக ஒரு சூப், உப்பில்லாத உருளைக்கிழங்கு, வேகவைத்த கோழி. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கு வீட்டுக்கு விடறதா சொன்னாங்களே?"

"ராதோமிர் போன் பண்ணாரு. சட்டை துவைக்க ஆளில்ல, சாப்பாட்டுக்கு என்ன பண்றது, எப்ப வர்றேன்னு கேட்டாரு." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர்கிட்ட இன்னும் வலிக்குதுன்னு சொல்லிட்டேன்."

"வலிக்குதாக்கா?"

"இல்ல." ஸ்பூனால் உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டினாள். "இங்க மூணு வேளையும் யாராவது கொண்டு வந்து குடுக்குறாங்க போயானா."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாம் டாக்டர்," என்றேன் நான். "ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லையாம்."