ஏழாயிரம் பவுண்டு வீடு

கில்லெட் ஊரைத் தாண்டிப் பதினைந்து மைல் போனதும் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது.

ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது, அவ்வளவுதான். அந்தக் காற்று பட்டதும் பின்னால் வந்த முப்பதடி நீள ட்ரெய்லர் வீடு இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை ஆடியது. அடுத்த ஆட்டத்தில் எங்கள் வண்டியின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது.

"அக்கா! பிரேக் போடு!" என்று கத்தினேன்.

"வாயை மூடுடி ஜெனெல்!"

அக்கா மார்லிஸ் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் சின்ன நெம்புகோலை விரலால் அழுத்தினாள். பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்தது போல ட்ரெய்லர் நேரானது. அதன் பிறகு நாற்பது மைல் வேகத்துக்கு மேல் அவள் போகவில்லை.

இப்படி மெதுவாகப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதுதான் சிக்கல். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள் மார்லிஸ். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த ட்ரெய்லரை வாங்கினாள். இழுப்பதற்கு இருபத்திரண்டு வயதான பழைய எட்டுப் பேர் வண்டியே போதும் என்றாள். பிக்ஹார்ன் மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை முகாமில் கோடை முழுக்கக் காப்பாளர் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் உண்டு, ட்ரெய்லரை நிறுத்த இடமும் கரண்டும் இலவசம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலை, பட்டியலில் அடுத்து இருக்கும் நெப்ராஸ்கா தம்பதிக்கு. அன்றுதான் வெள்ளிக்கிழமை. அந்த இடம் போனால் அக்காவின் வீட்டை நிறுத்த வேறு இடம் கிடையாது.

பஃபலோ ஊரில் லாரிகள் நிற்கும் பங்க்கில் எடைமேடை இருந்தது. அக்கா அதில் வண்டியை ஏற்றினாள். முதலில் ட்ரெய்லரோடு, பிறகு ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும். எங்களுக்குப் பின்னால் புத்தம்புது டீசல் பிக்கப்பில் காத்திருந்தவர் தலையை நீட்டினார். வெண்டெல் என்று பெயர். பக்கத்து ஸீட்டில் ஒரு பெரிய நாய்.

"ஏம்மா, இந்தக் கிழட்டு வண்டியை எத்தனை தடவைதான் நிறுப்பே? நிறுத்தா இளைச்சிடுமா?"

"உங்க நாயை விட இளசுதான் சார்," என்றாள் அக்கா, எடைச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னோடது மாதிரி டீசல் ஒண்ணு வாங்கிக்கம்மா. மலை ஏறப் போறியா, மலைக்கு நேர்ந்துக்கப் போறியா?"

அவள் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் கழித்தாள்.

"ட்ரெய்லர் ஏழாயிரம் பவுண்டு. அதோட மூக்கு நம்ம கொக்கி மேல அழுத்துறது வெறும் நானூறு. எழுநூறாவது இருக்கணும்டி."

"கம்மியா இருந்தா நல்லதுதானே? வண்டிக்குப் பாரம் இல்ல."

"அப்படி நினைச்சுத்தான் நாசமாப் போனேன். மூக்கு லேசா இருந்தா வால் ஆடும்."

நடந்தது இதுதான். போன வாரம் ட்ரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் தொங்கிவிட்டது. நாய் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று தெருவே சிரித்தது. அக்காவுக்கு ரோஷம். ட்ரெய்லரின் முன்பக்கம் இருந்ததையெல்லாம் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே மாற்றினாள். பின்னால் இருந்த தண்ணீர் டேங்க்கையும் முழுக்க நிரப்பினாள். வண்டி நேராக நின்றது. தெருவே பார்க்கும்படி அதைப் போட்டோ வேறு எடுத்தாள்.

இப்போது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். நானூறு பவுண்டு தண்ணீர் சரளைக்கல்லில் ஓடியது. அடுத்தது ஜாடிகள். பீச் பழம், பீட்ரூட் ஊறுகாய், எல்க் மான் கறி என்று அவளே போட்டு அடைத்த கண்ணாடி ஜாடிகள், இருபத்தாறு பெட்டி.

"ரெண்டு பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் போலாம்க்கா. மணி பன்னிரண்டரை."

"என் கறியைத் தூக்கிப் போடணுமா? உன்னைத் தூக்கிப் போடுவேன். பிடி."

இருபத்தாறு பெட்டியையும் முன்பக்கம் கொண்டுவந்தோம். ட்ரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் மறுபடியும் உட்கார்ந்தது. பாரத்தை முன் சக்கரத்துக்கும் தள்ளுகிற ஸ்பிரிங் கம்பிகளின் சங்கிலியை, இரும்புக் குழாய் கொண்டு நெம்பி, அக்கா ஒரு கண்ணி ஏற்றி மாட்டினாள். கொஞ்சம் நிமிர்ந்தது, முழுக்க இல்லை. மறுபடி எடைமேடை. மூக்கில் எண்ணூற்று முப்பது.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்," என்றாள்.

மலை ஏறும்போது ட்ரெய்லர் ஆடவே இல்லை. ஆனால் இன்ஜின் சூடு முள் சிவப்பைத் தொட்டது. உச்சியில், இன்னும் பனி கிடந்த ஓரத்தில் நிறுத்தினோம். மணி நாலு ஐந்து. முகாமுக்கு இன்னும் இருபத்தைந்து மைல், முழுக்க இறக்கம்.

"ஆறினதும் கொஞ்சம் வேகமா இறக்கேன்க்கா. அஞ்சுக்குள்ள போயிடலாம்."

"கீழே போய்ச் சேரணும்டி. விழுந்து சேரக் கூடாது. முதல் கியர்லதான் இறக்குவேன். இன்ஜின் ஆற ஒரு மணி நேரம், இறக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"அப்ப வேலை?"

போனில் சிக்னல் இல்லை. அக்கா சாலையைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ஏறிவந்த வெண்டெலின் பிக்கப் வேகத்தைக் குறைத்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், இவளை ஏரிக்கரை முகாம் வாசல்ல இறக்கி விடுங்க. அஞ்சுக்கு முன்னாடி."

"ஏறச் சொல்லு. உன் வண்டிக்கும் இருநூறு பவுண்டு குறையும்."

"நூத்தி அறுபது!" என்றேன்.

அக்கா ஒரு மடக்கு நாற்காலியையும் வேலைக் கடிதத்தையும் என் கையில் திணித்தாள்.

"காப்பாளர் இடத்துல இதைப் போட்டு உட்காரு. யார் சொன்னாலும் எந்திரிக்காதே."

"நீ தனியா இறக்கிடுவியா?"

"நீ கத்தாம இருந்தாலே பாதி மலை இறங்கின மாதிரி."

நாயை மடியில் வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். காப்பாளர் இடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முகாம் அதிகாரி ஆர்ச்சுலெட்டா, முப்பது வயதுப் பெண், கடிதத்தைப் படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"ட்ரெய்லர் எங்கங்க?"

"மலை மேல."

"உங்க அக்கா?"

"அதுக்கு முன்னாடி."

அவள் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு நெப்ராஸ்கா தம்பதி பளபளக்கும் ட்ரெய்லரோடு வந்து நின்றார்கள்.

"மணி அஞ்சாச்சு, இடம் காலியா இருக்கே," என்றாள் அந்த அம்மாள்.

"நான் காத்தா? உட்கார்ந்திருக்கேன்ல?"

"நாற்காலி போட்டா வேலை உங்களோடதா ஆயிடுமா?"

நான் அதிகாரியைப் பார்த்தேன். "அம்மா, இந்த முகாம்ல நாற்காலி போட்ட இடத்தை யாராவது எடுப்பாங்களா?"

ஆர்ச்சுலெட்டா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். "எடுக்க மாட்டாங்க. இருட்டுற வரைக்கும் போட்டவங்களோடது. அது முகாம் போட வர்றவங்களுக்கு. காப்பாளருக்குன்னு தனியா எதுவும் எழுதி வைக்கல." நெப்ராஸ்காக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "இருட்டட்டும், பார்ப்போம்."

ஆறு மணி ஆனது. அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்திருக்கவில்லை. ஏழு ஆனது. ஏரி கறுக்க ஆரம்பித்தது. அந்த அம்மாள் ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து நீட்டினாள். எழுந்து வந்து எடுத்துக்கொள்ளும் தூரத்தில் நின்று நீட்டினாள். "பசியில்லைங்க," என்றேன். வயிறு கத்தியது. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குள் வந்து போனது.

ஏழரைக்கு அந்தச் சத்தம் கேட்டது. சின்ன கியரில் முக்கி முனகும் பழைய இன்ஜின். பிறகு, பின்பக்கம் தொங்கியதால் வானத்தைப் பார்த்த இரண்டு முன்விளக்குகள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு கார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதைவிடப் பெரிய வேடிக்கை எந்த முகாமிலும் இல்லை. ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இடது பக்கம் ஒடிங்கம்மா!"

"இல்ல, வலது!"

அக்கா இறங்கினாள். யாரையும் பார்க்காமல் இடத்தை ஒருமுறை சுற்றி நடந்தாள்.

"ஜெனெல், இப்ப எந்திரி. உன் மேலயா ஏத்தணும்?"

முதல் தடவை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். இரண்டாவது தடவை கோணல். மூன்றாவதும் கோணல். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், கேலியாகத்தான். அவள் முழுக்க வெளியே இழுத்து, மறுபடி நேராக்கி, நாலாவது தடவை தவழ்வது போல உள்ளே எடுத்தாள். ட்ரெய்லர் தன் இடத்தில் போய் நின்றது. சக்கரங்களுக்கு நான் கட்டை வைத்தேன்.

இன்ஜினை அணைத்த பிறகும் அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

ஆர்ச்சுலெட்டா வந்து ஜன்னலைத் தட்டினாள். வாசல் சாவியையும் ஒரு வாளியையும் நீட்டினாள்.

"காலையில ஆறு மணிக்குக் கழிப்பறை கழுவணும். முடியுமா?"

"எத்தனை இருக்கு?" என்றாள் அக்கா.

"பதினாலு."

"அதுல ஒண்ணை இப்பவே திறந்து விடுங்க. இவ மூணு மணி நேரமா எந்திரிக்காம உட்கார்ந்திருக்கா."