அக்கினி மூலைத் தேங்காய்

தேங்காய் அழுகியிருந்தது. நல்லையா பண்டாரம் கல்லில் ஒரு போடு போட்டதும் அது இரண்டாகப் பிளந்து, கறுத்த தண்ணீர் அவர் கைவழியே ஓடி முழங்கையில் சொட்டியது. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு எந்த நாற்றமும் இரட்டிப்பாகத்தான் தெரியும். ஜெயம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது" என்றார் பண்டாரம். திருஷ்டி கழித்துவிட்டவர் முகம் அப்படிப் பேயறைந்த மாதிரி இருக்காது. அவர் ஜெயம்மாவின் வயிற்றைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். அதை அவளும் பார்த்துவிட்டாள்.

அவள் புருஷன் ராஜரத்தினம் பர்மாவில் இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டர். கல்யாணமான நாளிலிருந்து பட்டறைக் குடியிருப்பில் ஒற்றை அறை. அந்த அறையில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன; ஒன்று பிறந்த அன்றைக்கே, இன்னொன்று நாற்பதாம் நாள். மூன்றாவது சொந்தக் கூரைக்குக் கீழேதான் பிறக்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். டோ மியா என்ற பர்மாக்கார விதவையிடம் அவளுடைய பழைய தேக்கு வீட்டை வாங்கினான். தரைப்பலகையெல்லாம் கரையான் தின்ற வீடு. இடித்துவிட்டு, தேறிய மரத்தை வைத்து அதே மனையில் புது வீடு கட்டுவதாக ஏற்பாடு. போன வாரம் கூரை இறங்கியது. மழை இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. திங்கட்கிழமையான இன்றைக்குப் பூசை போட்டுத் தூண்களைப் பிடுங்க ஆரம்பிக்க வேண்டும், அதுவும் ஏழரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள்.

பட்டறைச் சங்கு ஏழு மணிக்கு ஊதி வெகுநேரமாகிவிட்டது. கொண்டுவந்ததே இரண்டு காய். ஒன்றைத் தெருமுனைப் பிள்ளையாருக்கு உடைத்தாயிற்று. கடைக்குப் போய்வர அரைமணி நேரமாகும். ராஜரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தான். மொட்டையாக நின்ற தூண்களில் தென்கிழக்குத் தூணில் அவன் கண் நின்றது. அங்கே ஒரு பிரம்பு வளையத்தில், தலையில் சிவப்புத் துணி கட்டிய முழுத்தேங்காய் ஒன்று தொங்கியது.

"இந்தா இருக்கே, சாமிக்கு முடிஞ்சு வச்ச காய்" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம்மவர்கள் நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். இங்கே துணி சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தான். ஆனால் ஜெயம்மாவுக்கு விஷயம் தெரியும்.

பத்து நாளைக்கு முன்னால் டோ மியா அவளை அந்தத் தூணுக்குக் கீழே கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தாள். ராஜரத்தினத்தின் பர்மியம் ஒரு தேநீர் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஜெயம்மாவோ கடைத்தெருவில் பேரம் பேசிப் பேசியே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். அது வீட்டைக் காக்கிற நாட், பர்மாக்காரர்களின் காவல் தெய்வம். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா அவரை உயிரோடு எரித்துவிட்டான். அந்தத் தீப்புண்ணை ஆற்றத்தான் தேங்காய்த் தண்ணீர். அவர் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. தூண் பிடுங்குகிற அன்றைக்கு என் கையால் இறக்கி, பெகுவிலே என் மகன் வீட்டுக்குக் கொண்டுபோவேன், அதுவரை யாரும் தொட வேண்டாம், உன் புருஷனிடம் சொல்லிவிடு மகளே என்றாள் டோ மியா. சொல்றேன் அமே என்று, பர்மியத்தில் அம்மா என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் ஜெயம்மா.

அன்று சாயங்காலம் சொல்லத்தான் போனாள். ராஜரத்தினம் காகிதத்தில் புது வீட்டை வரைந்துகொண்டிருந்தான். "அக்கினி மூலையிலே உனக்கு அடுப்பு" என்று தென்கிழக்கில் ஒரு கட்டம் போட்டுக் காட்டி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். தேங்காய் தொங்கிய அதே மூலை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வராமல் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளை நாளை என்று பத்து நாள் ஓடிவிட்டது.

இப்போது அவன் காயை இறக்கி, சிவப்புத் துணியை உருவிக் கீழே போட்டான். கடப்பாரையைத் தரையில் ஊன்றி, அதன் முனையில் காயைக் குத்தி ஒரு மட்டையைக் கிழித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். டோ மியா அந்த நாட் தெய்வத்தைக் கட்டி எடுத்துப்போகப் புதுத் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வீட்டைப் பிரிக்க வந்த பர்மியத் தச்சர்கள் தெருமுனையில் மொஹிங்கா சாப்பிடப் போயிருந்தார்கள். தடுக்க அங்கே அவளை விட்டால் ஆளில்லை. இரண்டாவது மட்டை கிழிந்தது. அவளுக்குப் பயம் அந்த நாட் தெய்வத்தின் மேல் இல்லை. பூசைக்குக் காய் இல்லாமல் போனால், அழுகல் காயோடே இந்த வேலை ஆரம்பித்தால், இந்தப் பிள்ளையும் தங்காது என்ற ஒரே பயம்தான். யாருடைய காயாக இருந்தால் என்ன, வெள்ளையாக ஒரு காய் உடையட்டும் என்று இருந்தது. மூன்றாவது மட்டையும் கிழிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

காய் வெள்ளை வெளேரென்று உடைந்தது. பண்டாரம் தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டு, ஒரு மூடியில் கற்பூரம் ஏற்றிக் காட்டினார். "புள்ளைக்கு நல்லது தாயி, குடி" என்று செம்பை நீட்டினார். ஜெயம்மா பாதி குடித்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே தச்சர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த மேஸ்திரி ஊ போ தின் கீழே கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்தார், காலி வளையத்தைப் பார்த்தார், எரிகிற மூடியைப் பார்த்தார். வாயிலிருந்த சுருட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உளியையும் ரம்பத்தையும் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் ரம்பத்தைக் கையிலேயே வைத்திருந்தான்.

"சயா, இந்த மரத்தை இனி நாங்க தொட மாட்டோம்" என்றார் ஊ போ தின் ராஜரத்தினத்திடம், சத்தம் போடாமல். "மிங்கலாடோன் வரைக்கும் தேடினாலும் வேற ஆளும் வராது."

ஜெயம்மா அதைத் தமிழில் சொன்னாள். ராஜரத்தினத்துக்கு முகம் சிவந்தது. "ஒரு தேங்காய்க்கா? அந்தக் கிழவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? சொல்லாதது அவ தப்புன்னு சொல்லு."

அவள் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பண்டாரத்துக்குப் பர்மியம் தெரியும்; கேட்காமலே எடுத்துச் சொல்லிவிட்டார். அதே நேரத்தில்தான் டோ மியா படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கூடையில் மடித்து வைத்த புதுச் சிவப்புத் துணி இருந்தது.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"இவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டார் ஊ போ தின்.

டோ மியா ஜெயம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவள் கண் வயிற்றுக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்தது.

"மறந்துட்டேன்" என்றாள். "வயசாயிடுச்சு."

நாற்பது வருஷம் அவருக்குக் காய் மாற்றியவள் போகிற அன்றைக்கு மறந்தாளாம் என்று ஒருவன் சொன்னான். ரம்பம் வைத்திருந்தவன் அவள் கால் பக்கமாகத் துப்பினான். டோ மியா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, மண்ணில் கிடந்த மட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஜெயம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "அமே என்கிட்ட சொன்னாங்க" என்றாள் பர்மியத்தில். "நான்தான் வீட்டிலே சொல்லலை. அவர் எடுக்கும்போதும் பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கு ஒரு நல்ல காய் வேணும்னு நின்னேன்."

"என்ன சொல்றே?" என்றான் ராஜரத்தினம். அதையே அவள் இரண்டாவது தடவை தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"பாத்துக்கிட்டா நின்னே?"

"ஆமா."

"இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா அது என்னாலே. டோ மியாவாலே இல்லை."

அவன் கை ஓங்குவது மாதிரி எழுந்து, பிறகு தன் தலையிலேயே போய் உட்கார்ந்தது. டோ மியா எழுந்து வந்தாள். "அவர் தண்ணி எங்கே?" என்று கேட்டாள். ஜெயம்மா செம்பை நீட்டினாள்.

"மீதி?"

"நான் குடிச்சுட்டேன்."

டோ மியா செம்பை வாங்கி, இன்னும் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் முழுவதையும் ஊற்றினாள். அது சுர்ரென்று அணைந்தது. பிறகு கீழே கிடந்த பழைய துணியை எடுத்துத் தூசி தட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு, புதுத் துணியை ஜெயம்மாவின் கையில் கொடுத்தாள்.

"என் மகன் வீட்டுக்கு நான் வெறுங்கையோட போறேன். அவர் தண்ணி உன்கிட்ட இருக்கு, இனி நீதான் அவரை வச்சுக்கணும். தண்ணி வத்தினா காய் மாத்து. அந்த மூலைக்கு நெருப்பு வரக் கூடாது."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே, அமே?"

டோ மியா கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது, மகளே" என்றாள்.

அவள் படலைத் தாண்டிப் போனாள். பிறகு, அந்த மூலையில் நெருப்பு வராது என்று வீட்டுக்காரர் சொன்னால் வேலை செய்கிறோம் என்றார் ஊ போ தின். ஜெயம்மா அதைத் தமிழில் சொன்னதும் ராஜரத்தினம் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்தான்.

"அக்கினி மூலையிலே அடுப்பில்லாம ஒரு வீடா? குடும்பத்துக்கு ஆகாதுடி."

"ஆகாட்டி ஆகாம போகட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் வானத்தைப் பார்த்தான். இன்சீன் பக்கம் முழுவதும் கறுத்துக் கிடந்தது. காகிதத்தையும் பென்சிலையும் அவளிடமே தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

ஜெயம்மா சிவப்புத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் அடுப்பின் மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்தாள். பென்சில் முனை ஒடிந்தது. ஊ போ தின் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் தென்கிழக்குத் தூணை விட்டுவிட்டு அடுத்த தூணில் கயிற்றைக் கட்டினார்கள். ராகு காலம் பிறந்து பத்து நிமிஷமாகியிருந்தது. அதைப் பண்டாரம்கூடச் சொல்லவில்லை.