பல்பு அணையும்வரை

வீட்டிலும் வேலையிடத்திலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: எலி டாக்டர். வைத்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. தன் ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவும் வேலையை இவள் வாங்கிக் கொடுத்ததற்கு நாத்தனார் காட்டிய நன்றி அந்தப் பட்டப்பெயர்.

எலியின் தலையில் மெல்லிய கம்பிகள் இருக்கும். ஒலிபெருக்கியில் டிங், டிங் என்று ஒரே சத்தம் வரும். நடுவில் எதிர்பாராமல் ஒரு டங். பழகிப்போன டிங்கை எலியின் மூளை சட்டை செய்யாது. டங் வந்தால் மட்டும் திரையில் கோடு துள்ளும். அந்தத் துள்ளல்தான் எலி டாக்டரின் ஆராய்ச்சி.

நாத்தனாருக்கு வாய் ஓயாது. பக்கத்து அறையில் கூண்டுகளை உருட்டுவாள், கூடவே பாட்டு வேறு. அன்று எலி டாக்டர் வெடித்துவிட்டாள்.

"அண்ணி, கதவுக்கு மேல சிவப்பு பல்பு எரியுறவரைக்கும் சத்தமே வரக்கூடாது. கதவையும் திறக்கக்கூடாது. உங்க ஒருத்தரால என் வேலையே பாழாகுது!"

"சரிங்க டாக்டரம்மா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாத்தனார் கூண்டு அறைக்குள் போனாள். கதவின் இருபுறமும் பல்பு எரிந்தது. பிறகு பொட்டுச் சத்தமில்லை. ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று எலி டாக்டர் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

திடீரென்று கோடு துள்ளியது. டங் வரவேயில்லை! காரணம் தெரியாத துள்ளலை அழித்துவிட்டு மேலே போவதுதான் அங்கே வழக்கம். அழித்தாள். எலியோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கமே காதை விறைப்பாக வைத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தும் அது அசையவில்லை. கம்பி கழன்றிருக்குமோ என்று ஒலியை நிறுத்தினாள்.

அந்த அமைதி சரியில்லை. ஏனென்று புரிவதற்கு முன்பே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்போதும் இருக்கிற ஏதோ ஒன்று இல்லை.

காற்றாடி! கூண்டு அறையின் காற்றை வெளியே தள்ளுகிற காற்றாடி. இத்தனை வருடமாகச் சுவர் வழியே இரைந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுபோயிருந்தது. எலியின் கோடு துள்ளியது அதற்குத்தான். உள்ளே கழுவுகிற மருந்தின் ஆவி. காற்றாடி ஓடாமல் அங்கே நிற்கவே கூடாது.

"அண்ணி!"

பதிலில்லை.

"அண்ணி, கோவமா? ஏதாவது பேசுங்களேன்!"

எவ்வளவு நேரமாக உள்ளே சத்தமில்லை? அவளே கேட்டு வாங்கிய அமைதி அது. அதனால்தான் காதில் உறைக்கவில்லை.

கதவை இழுத்தாள். நெடி முகத்தில் அறைந்தது. கதவை ஒட்டியே, ஈரத்துணியை வாயில் அழுத்தியபடி நாத்தனார் சரிந்து கிடந்தாள். எலி டாக்டர் அக்குளில் கைகொடுத்து அவளைத் தாழ்வாரம்வரை இழுத்து வந்தாள். காவலாளி ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்தார்.

"அண்ணி, கண்ணைத் திறங்க. என்னைத் திட்டுங்க. நாலு வார்த்தை திட்டுங்க அண்ணி!"

ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஓர் இருமல் வந்தது. இன்னொன்று. நாத்தனார் மூச்சை இழுத்தாள்.

"கதவுகிட்டதானே இருந்தீங்க," எலி டாக்டர் அழுதுகொண்டே கேட்டாள். "ஏன் வெளிய வரல?"

"பல்பு எரிஞ்சுதே," என்றாள் நாத்தனார், இருமலுக்கு நடுவே. "அணையட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எலி டாக்டர் தலையைத் தூக்கினாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.