பட்டாணியை அழைத்துப்போக வந்தவர்கள்

தங்கையின் போன் வந்தபோது லிஃப்ட்காரர் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே சட்டென்று பிடிபடாது.

"அண்ணா, டிக்கெட் போட்டாச்சு. வரும்போது ரெண்டு, போகும்போது மூணு."

"நல்லதும்மா," என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? போனைப் பையில் போட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து காவலாளி, "முடிஞ்சுதா சார்? மேல போக ஆளுங்க நிக்கிறாங்க," என்று மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் காதில் விழுந்தது.

மூன்றாவது டிக்கெட் பட்டாணிக்கு. தங்கையின் மகள். வருகிற மாதம் நாலு வயது.

தங்கை வெளிநாட்டில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அதே ஊரில் வெல்டிங் வேலை. இரண்டு பேருக்கும் ஷிஃப்ட். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். குழந்தை பிறந்து ஒன்பது மாதத்தில், "ஒரே ஒரு வருஷம் பார்த்துக்கோ அண்ணா," என்று கொண்டுவந்து விட்டுப் போனாள். லிஃப்ட்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. ஒரு வருஷம் இரண்டானது, மூன்றானது. நடுவில் ஒரு தடவை பெற்றவர்கள் பத்து நாள் வந்துபோனார்கள். பட்டாணிக்கு அது நினைவில் இல்லை.

நின்றது, நடந்தது, படி ஏறியது, படியிலிருந்து உருண்டது எல்லாமே இந்த இரண்டு அறை வீட்டில்தான். எதையும் விடாமல் அவர் மனைவி வீடியோ எடுத்து அனுப்பிவிடுவாள். முதன்முதலாகப் பேசிய சொல்லைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு தகராறு உண்டு. குழந்தை சொன்னது சந்தேகமில்லாமல் 'மாமா' என்பது அவர் கட்சி. ஆனால் அவர் மனைவி தங்கைக்குப் போன் போட்டு, "அம்மான்னு சொன்னா, கேட்டியா," என்று சொல்லிவிட்டாள். அதற்காக அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது தங்கைக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. அங்கே பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. பெற்ற பிள்ளையை அழைத்துப்போக வருகிறார்கள். இதில் யாரைக் குறை சொல்வது? குறை சொல்ல யாராவது இருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி அழவில்லை, புலம்பவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் பட்டாணியின் பழக்கங்களை எழுத உட்கார்ந்துவிட்டாள். பாலில் ஆடை மிதந்தால் குடிக்க மாட்டாள், வடிகட்ட வேண்டும். ஒன்றுக்கு அவசரமாக வந்தால் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், ஒற்றைக்காலில் நிற்பாள். தூங்கும்போது இடது காதைத் தடவ வேண்டும்.

லிஃப்ட்காரர் வாங்கிப் படித்தார். "வலது காதுன்னா ஒத்துக்க மாட்டாளா?"

"தடவிப் பாருங்க, தெரியும்," என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவர்கள் வந்த அன்று பட்டாணி லிஃப்ட்காரரின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தங்கை வாசலிலேயே மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பட்டாணி அசையவில்லை. அவர் பேன்ட்டைப் பிடித்து இழுத்து, குனியச் சொல்லி, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"மாமா, போன் அம்மா எப்படி வெளிய வந்தாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். பிறகு முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை பெட்டிகளை இங்கேயும் அங்கேயும் நகர்த்தி வைத்தபடி, "பிரயாணக் களைப்பு," என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

குழந்தையைச் சட்டென்று பிரிக்க வேண்டாம், நாலு நாள் எல்லாருமாக எங்கேயாவது தங்கலாம் என்பது மாப்பிள்ளையின் யோசனை. ஏரிக்கரையில் ஒரு விடுமுறை வீட்டை ஏற்பாடு செய்திருந்தார். மரத்தரை, பெரிய ஜன்னல்கள், வாசலை ஒட்டியே தண்ணீர். போய்ச் சேர்ந்ததும் தங்கை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக்கூடாது. சாப்பாடு குடுக்கிறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் இங்க நாங்களே செய்யறோம். அவ கூப்பிட்டாலும் நீயும் அண்ணியும் வராதீங்க."

"சரிம்மா. அதுதான் முறை."

"அவ நடந்ததை நான் ஒரு நாள் கழிச்சுப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிஞ்சு, பஸ்ல நின்னுக்கிட்டு, இத்தனூண்டு போன்ல." 

சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. அடுத்த இரண்டு நாளும் லிஃப்ட்காரருக்கு முள்மேல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. உள்ளே தங்கை பால் டம்ளரோடு மன்றாடுவாள். பட்டாணி வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக மாமாவைத் தேடுவாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார். தின்ன ஆளில்லாமல் சுளைகள் தட்டில் காயும். மாப்பிள்ளை தரையில் கையூன்றிக் குதிரையாகி மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அறையைச் சுற்றிவந்தார். பாதிச் சுற்றிலேயே பட்டாணி இறங்கி மரியாதையாக, "போதும் அங்கிள்," என்றாள். அந்த மனிதர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நல்ல பழக்கம், மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்றார். வளர்த்தவரைப் பாராட்டுகிறாரா, நொந்துகொள்கிறாரா என்று லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல். கரையில் விளையாடிவிட்டு உடம்பெல்லாம் மணலோடு வந்த பட்டாணியைத் தங்கை குளியலறைக்குத் தூக்கிப்போனாள். துண்டு வெளியே கொடியில் கிடந்தது. அதை எடுக்க இரண்டு எட்டு வைத்திருப்பாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பட்டாணி, கதவைத் திறம்மா," என்று தங்கை தட்டினாள். பதில் இல்லை. மாப்பிள்ளை ஓடிவந்து தோளால் முட்டப் போனார்.

"இடிக்காதீங்க மாப்பிள்ளை. கதவுக்குப் பின்னாடியே நிப்பா, மேல விழுந்துடும்," என்று லிஃப்ட்காரர் தடுத்தார். வேலைப் பையை எடுத்து வந்திருந்தார். விடுமுறைக்குப் போனாலும் அந்தப் பை கூடவே வரும். கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். கீல்கள் உள்பக்கம் இருந்தன. வெளியே போய் ஜன்னலைப் பார்த்தார். ஒரு பூனை வேண்டுமானால் நுழையலாம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றார்.

"வெளியில இருந்து ஒண்ணும் செய்ய முடியாது. அவதான் திறக்கணும்."

பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருக்கும் ஆட்களிடம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேசுவது அவருக்குக் கைவந்த கலை. பெரிய பெரிய அதிகாரிகள்கூட அந்தக் குரலைக் கேட்டு அடங்கியிருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து, கதவில் வாயை வைத்து, "பட்டாணி, மாமா வந்திருக்கேன்," என்றார்.

உடனே பதில் வந்தது. "மாமா, போன் அம்மாவப் போகச் சொல்லு. அப்பத்தான் திறப்பேன்."

 மாப்பிள்ளைதான் முதலில் பேசினார், தாழ்ந்த குரலில். "சொல்லிடுங்க மச்சான். போயிட்டாங்கன்னு சொல்லுங்க. முதல்ல கதவு திறக்கட்டும்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். பட்டாணி அவரை நம்பித் திறந்துவிடுவாள். கையிலும் வந்து விழுவாள். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். சுவரோடு சாய்ந்து, துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றிருந்தாள். சின்ன வயதில் பரீட்சை முடிவு வருகிற அன்று இப்படித்தான் நிற்பாள். அவரால் சொல்ல முடியவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

"நீ உட்காரு. நான் சொல்லித் தர்றேன், அப்படியே சொல்லு."

அவர் காதில் கிசுகிசுத்ததைத் தங்கை கதவிடம் சொன்னாள். "தங்கக்கட்டி, தாழ்ப்பாளை மெதுவா மேல தூக்கு பார்க்கலாம்."

"அது மாமா சொல்றது," என்றது உள்ளேயிருந்து குரல். "மாமா சொல்றத நீங்க சொல்லக்கூடாது."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவரிடம் அதற்குமேல் சரக்கில்லை. அவர் மனைவி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்தாள். "விடுங்க. அவளே பேசட்டும்."

தங்கை கதவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை பட்டாணி. உனக்கு என்னென்ன பிடிக்கும்னு உங்க அத்தை ஒரு நோட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. தினம் படிக்கிறேன். உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போகுது." அத்தோடு அவள் குரல் உடைந்துவிட்டது.

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது. அப்புறம், "அழறீங்களா?"

"ஆமா."

"மூக்கு ஒழுகுதா?"

"ஒழுகுது."

தாழ்ப்பாள் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. மணல் ஒட்டிய சின்னக் கை வெளியே வந்தது. அதில் கசங்கிய டிஷ்யூ காகிதம். "தொடச்சுக்கோங்க," என்றாள் பட்டாணி.

அன்றைக்குத் தாய் கையால் குளித்தாள். தாய் கையால் முட்டை தின்றாள். உள்ளேயிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தில் இரண்டு குரல் இருந்தது. லிஃப்ட்காரர் ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டார். இருட்டில் மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலைத் தூக்கி வைத்தது போல் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உடம்பு ஒரு நொடி ஆடியிருந்தது. அந்த ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. அவர் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"நல்லதுதானே நடந்துச்சு?"

"நல்லதுதான்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கிறீங்க?"

அவர் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். அவளும் உள்ளே திரும்பிப் போகவில்லை.

விமான நிலையத்தில் பட்டாணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஜன்னல் ஓரச் சீட்டு அவளுக்குத்தான் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார், நினைப்பெல்லாம் அதில்தான். உள்ளே போகிற இடத்தில் மட்டும் திரும்பி, "மாமா, நீயும் அத்தையும் அடுத்த பிளேன்ல வருவீங்கல்ல?" என்று கேட்டாள். குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது என்று அவர் மனைவி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றோம்," என்றார்.

அந்த ஒரு சொல் அவரை வாட்டி எடுத்துவிட்டது. முதல் வாரம் முழுக்க, ஆகாயத்தில் சத்தம் கேட்டாலே பட்டாணி வாசலுக்கு ஓடுகிறாளாம். தினமும் போனில் பேசினார்கள். எட்டாவது நாள் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணா, நீ பேசி முடிச்ச பிறகு ரெண்டு மணி நேரம் அழுதுக்கிட்டே இருக்கா. கொஞ்ச நாளைக்கு..."

"புரியுதும்மா. கூப்பிடலை," என்றார் அவர். அவளை முழுசாகச் சொல்ல வைக்க மனசு வரவில்லை.

பதினோரு நாள் கூப்பிடவில்லை. போனை மட்டும் குளிக்கப் போகும்போதுகூட எடுத்துப் போனார். பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து. மூன்று நாளாகக் காய்ச்சல், இறங்கவே மாட்டேன் என்கிறது. அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. மருந்தெல்லாம் சரியாகத்தான் போகிறது.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா. இப்ப பேசவும் மாட்டேங்கிறா. காதுகிட்ட வைக்கிறேன், ஏதாவது பேசு அண்ணா."

ஏதாவது என்றால் எதை? பக்கத்து வீட்டுப் பூனை சுவரிலிருந்து தவறி விழுந்ததைச் சொன்னார். அத்தை புதுச்செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதைச் சொன்னார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்கிறதா, கேட்கவில்லையா, தூங்கிவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. எதிரே அவர் மனைவி எழுந்து நின்று, 'பேசுங்க, நிறுத்தாதீங்க' என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சொல்ல வேறு கதை வரவில்லை. அதே பூனையை இரண்டாம் தடவை சுவரில் ஏற்றினார். பாதியில், "டாக்டர் வந்துட்டாங்க," என்று தங்கை வைத்துவிட்டாள்.

அவர் மனைவி நேராக உள்ளே போனாள். அலமாரிமேல் இருந்த பெட்டியை நாற்காலி போட்டு ஏறித் தானே இறக்கி, இரண்டு பேரின் துணிகளையும் எடுத்து அடுக்கினாள். ஸ்வெட்டரும் வைத்தாள். விசாவுக்கு எழுதிப் போட்டாலே குறைந்தது ஆறு வாரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் அவரோடு போய் விசாரித்து வந்தவளே அவள்தான். அவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அடுக்கி முடித்து, மூடிய பெட்டியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவரும் போய் உட்கார்ந்தார். அன்று மதியம் அடுப்பு மூட்டவில்லை.

நாலு மணிக்குச் செய்தி வந்தது. 'காய்ச்சல் குறையுது. அரை டம்ளர் பால் குடிச்சா. என் மடியிலயே தூங்கிட்டா.' அவர் அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கடைசி வரியை அவர் இரண்டாவது தடவையும் தடுமாறாமல் படித்தார்.

"பிழைச்சோம்," என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கலையாத மடிப்பையும் பிரித்து மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள். காலிப் பெட்டியை மேலே தூக்கி வைக்க இப்போது அவளுக்குத் தெம்பில்லை. அவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தூக்கி வைத்தார்.